இது பயம்தான், தண்ணி இல்ல

எங்கள் வீட்டில் மழை என்ற சொல்லுக்குத் தடை போட்டவர் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் அரைக் காதால் கேட்டுவிட்டு முழு மூச்சாகச் செய்கிற ரகம். நானோ அணையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவள். நீர்வரத்தைக் கவனிப்பதும், மதகு திறந்தால் கரையோர மக்களின் போனுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்புவதும்தான் என் பிழைப்பு. ஊருக்கெல்லாம் தண்ணீர் வருகிறது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் சிட்டுவுக்காக. என் தங்கையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். பருவநிலை மாற்றம் பற்றிய பாடத்தில் கடைசியாக ஒரு வரி வரும், எல்லோரும் முயன்றால் தடுத்துவிடலாம் என்று. ஒருநாள் அந்த வரியை வாசிக்க வாய் வராமல் பிள்ளைகளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். அதற்கு முந்தைய மழையில் எங்கள் தெருவுக்குள் ஆறு வந்து போயிருந்தது. அதிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். உருகும் பனி, ஏறும் கடல், எரியும் காடு, எதையும் விட்டுவைக்கவில்லை. தூக்கம் போயிற்று, வேலைக்குப் போவதும் நின்றது. குழாய் சொட்டினால்கூட எழுந்து வந்து, "தண்ணி வருதா?" என்று கேட்பாள்.

மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். அந்த அம்மா தெளிவாகத்தான் சொன்னார், நானும் கூடவே இருந்தேன். "இவங்க பயப்படுற விஷயம் பொய்யில்ல, அதை முதல்ல ஒத்துக்குங்க. ராத்திரி பகலா அதையே படிக்கிறதைக் குறைக்கணும், தூங்கணும், மெதுவா வேலைக்குத் திரும்பணும். ஏதாவது கேட்டா ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்க, போதும்." இதில் மாப்பிள்ளையின் காதில் விழுந்தது குறைக்கணும் என்ற ஒரு சொல்தான்.

டிவியில் செய்தி நின்றது. ஜன்னலுக்குக் கனமான திரை வந்தது. சிட்டுவின் போனில் என் அலுவலக எச்சரிக்கை வராதபடி அவரே நிறுத்தி வைத்தார். இதற்கு மேல் ஏதோ வீடியோவில் பார்த்ததாகச் சொல்லி ஒரு பயிற்சி வேறு. சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று, "தண்ணி வந்துடுச்சு, எந்திரி" என்பார். அவள் எழுந்திருக்கக் கூடாது. கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, "இது பயம்தான், தண்ணி இல்ல" என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லோரும் கை தட்டுவார்கள். அம்மாவும் இதில் கூட்டு. ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரை வாசலில் சளசளவென்று ஊற்றிக் காட்டியிருக்கிறாள். சிட்டு அசையவில்லையாம். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

நான் சண்டை போட்டேன். "மாப்பிள்ளை, இது வைத்தியமா, வித்தையா? இதை டாக்டர் சொன்னாங்களா?"

"அக்கா, அவ தூங்குறா. ஒரு வருஷம் கழிச்சுத் தூங்குறா. அது போதாதா?" என்றார்.

தூங்கத்தான் செய்தாள். நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் மதியம் மலையில் கொட்டிய மழை எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. என் பக்கத்து மேசைக்காரர், சோடாபுட்டி என்று நாங்கள் கேலி செய்கிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். "இந்தக் கருவிக்குக் கோளாறா, இல்ல எனக்கா?" என்றார். இரண்டுக்குமே இல்லை. நீர்வரத்து அப்படி ஏறிக்கொண்டிருந்தது. எப்போதும் கடி ஜோக் அடிக்கிற பொறியாளர் எங்கள் பின்னால் வந்து நின்றார். கையிலிருந்த டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

"எல்லா மதகும் தூக்கணும். ஒரு மணி நேரத்துல கரையோரம் முழுக்கத் தண்ணி போயிடும். உடனே அனுப்புங்க" என்றார்.

அனுப்பினேன். ஆற்றங்கரைத் தெருக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. அதில் எங்கள் தெருவும் ஓடியது. அனுப்பி முடித்ததும் போனை எடுத்தேன்.

வீட்டில் அம்மாவும் சிட்டுவும் மட்டும். தரைத்தளம். முழங்கால் தேய்ந்த அம்மா யாராவது கைத்தாங்கலாகப் பிடிக்காமல் ஒரு படி ஏற மாட்டாள். மேல் வீட்டில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். சிட்டு எழுந்தால்தான் அம்மா எழ முடியும். எச்சரிக்கைக்குச் சிட்டுவின் போன் வாயே திறக்காது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தை மூடிவிட்டார்கள்.

"நான் அவகிட்டப் பேசிட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்தவர், உடனே திரும்பக் கூப்பிட்டார். குரலே மாறிப்போயிருந்தது.

"அக்கா, நான் சொன்னேன். தண்ணி வருது, அம்மாவைக் கூட்டிட்டு மேல போன்னு சொன்னேன். 'இது பயம்தான், தண்ணி இல்ல'ன்னு சொல்லிட்டு சிரிச்சிட்டே வச்சிட்டா. இப்போ எடுக்க மாட்டேங்குறா. நான் என்னக்கா பண்ணி வச்சிருக்கேன்?"

அவரைத் திட்ட ஆயிரம் வார்த்தை இருந்தது. நேரம்தான் இல்லை. மீட்புப் படைக்குச் சொன்னேன். படகு எங்கள் தெருவுக்கு வர நேரமாகும், அதற்குள் மேலே ஏறிவிடச் சொல்லுங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டாரின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எச்சரிக்கையைப் பார்த்துக் கிளம்பியிருப்பார்கள், வேறென்ன. எச்சரிக்கையைத் திறந்துகூடப் பார்க்காத அம்மாவின் போனுக்கு அடித்தேன்.

"தெருவுல கொஞ்சம் தண்ணி ஓடுதுடி. நீ ஒண்ணும் பெருசு பண்ணாத. அவ இப்போதான் கண்ணை மூடி உக்காந்திருக்கா" என்றாள்.

"அம்மா, மதகு எல்லாம் தொறந்தாச்சு. கொஞ்ச நேரத்துல வீட்டுக்குள்ள வரும். போனை அவகிட்டக் குடு."

"சரி. ஆனா மெதுவா சொல்லு. பதறிடுவா."

இவளை என்ன செய்வது? வெள்ளத்தைக்கூடப் பதமாகச் சொல்ல வேண்டும் இவளுக்கு.

சிட்டுவின் குரல் வந்தது. அலைபாயாத குரல். இத்தனை மாதமாக நாங்கள் ஏங்கிய குரல்.

"அக்கா, நீயுமா? அவர் சொல்லிக் குடுத்தாரா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. ஜன்னல் திரையை விலக்கிப் பாரு."

"பாக்க மாட்டேன். பாத்தா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். சத்தம் கேக்குது. போன வாரமும் கேட்டுது. கண்ணை மூடி இருந்தா போயிடும்."

பின்னால் அம்மா, "நிஜமாவே வாசற்படி வரைக்கும் வந்துடுச்சுடி" என்றாள். இப்போதுதான் அம்மாவின் குரலில் பயம் தட்டியது.

"நீ அன்னிக்கு வாளியில ஊத்தினியேம்மா. அதே மாதிரிதான் இருக்கு" என்றாள் சிட்டு.

நான் அலுவலகக் குரலில் எச்சரிக்கையை அப்படியே வாசித்துக் காட்டினேன். "நல்லா வாசிக்கிறே, அக்கா" என்றாள். நான் உத்தரவு போட்டேன், அதட்டினேன், செத்துப்போன அப்பாமேல் சத்தியம் செய்தேன். அவள் மூச்சை இழுத்து விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இழுத்தாள், விட்டாள். என் திரையில் நீர்மட்டக் கோடு ஏறியது. சோடாபுட்டி என் பக்கம் திரும்பாமல் என்னுடைய வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்.

எத்தனை கத்தினாலும் பிரயோஜனமில்லை என்று எனக்கு உறைத்தது. கத்தலுக்கு அசையாமல் இருக்கத்தானே அவளைப் பழக்கியிருந்தார்கள். இனி சொல்ல என்ன இருக்கிறது என்று தேடினேன். கிளம்பி வந்த வார்த்தை நான் யோசித்துச் சொன்னது இல்லை.

"சிட்டு, எனக்குப் பயமா இருக்குடி."

மூச்சுச் சத்தம் நின்றது.

"என்ன சொன்ன?"

"பயமா இருக்கு. இன்னிக்கு மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவை மதகு தொறக்கும்போதும் கை நடுங்கும். நாங்க படிச்ச மழை வேற, இப்போ பெய்யுற மழை வேற. எந்தக் கணக்கும் நிக்க மாட்டேங்குது. வீட்டுக்கு வந்து படுத்தா எனக்கும் தூக்கம் வராது. நீ ஏதாவது கேட்டுடுவியோன்னு கண்ணை மூடிட்டுக் கெடப்பேன். இப்போ நீயும் அம்மாவும் கீழ இருக்கீங்க, என்னால வர முடியல. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

அழுகிறேன் என்பது பொறியாளர் என் தோள்மேல் கை வைத்தபோதுதான் தெரிந்தது. போனில் ஜன்னல் திரையை விலக்கும்போது வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம். பிறகு நாற்காலி ஒன்று சரிந்தது.

"அம்மா, எந்திரி. என் தோளைப் பிடி. செருப்பெல்லாம் வேணாம்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் காதால்தான் பார்த்தேன். போன் அவள் சட்டைப் பையில் இருந்தது போல. அம்மாவின் மாத்திரை டப்பா கிலுகிலுத்தது. மின்சார மெயினை அணைத்தாகிவிட்டது என்று யாருக்கோ சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டாள். கதவு திறந்தது, தண்ணீர் உள்ளே பாய்கிற சத்தம் நேராக என் காதில் விழுந்தது. அம்மா கடவுளைக் கூப்பிட்டாள். சிட்டு பள்ளிக்கூடக் குரலில், "கீழ பாக்காத. என் முகத்தைப் பாரு. இன்னொரு படி" என்றாள். அம்மா முட்டி, முட்டி என்று முனகினாள். "வலிக்கட்டும். ஏறு."

ஒரு இடத்தில் ஏதோ பெரிதாக மோதியது. அம்மா அலறினாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். "ஃபிரிட்ஜ்தான்மா, விழுந்து கெடக்கட்டும்" என்று சிட்டுவின் குரல் மூச்சிரைக்க வந்தது. அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அடுத்த எச்சரிக்கையைத் தட்டச்சு செய்தேன். செய்துதான் ஆக வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கும் அக்கா தங்கைகள் இருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. "அக்கா" என்றாள்.

"சொல்லுடி."

"மொட்டை மாடிக்கு வந்துட்டோம். அம்மா தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கா. நடுங்குறா, மத்தபடி நல்லாத்தான் இருக்கா. தெரு முழுக்க ஆறா இருக்கு."

"இன்னும் ஏறும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா மாடிக்கு வராது. படகு வரும், இறங்காத."

"சரி."

அவள் போனை வைக்கவில்லை. மாடியில் மழை அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவள் அழுவது கேட்டது. பழைய அழுகைதானோ என்று மனம் பதறியது. ஒண்ணுமில்லை என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

"உனக்கு எப்போலேர்ந்து பயம்?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளா. உனக்கு முன்னாடியிருந்தே."

மூக்கை உறிஞ்சினாள்.

"அப்போ நான் ஏன் அக்கா இத்தனை நாள் தனியா பயந்துட்டு இருந்தேன்?" என்றாள்.

பொறியாளர் அடுத்த அறிவிப்புக்காகக் கை காட்டிக்கொண்டிருந்தார். போனை வைக்காதே, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதை மேசைமேல் திறந்தபடியே வைத்து, அடுத்த தெருக்களின் பெயர்களை அடிக்க ஆரம்பித்தேன்.