அமோடிங் ஒப்புவிக்கிறாள்

திரையில் அமோடிங் வாயைத் திறந்துவிட்டாள், சத்தம்தான் வரவில்லை, ஒயரில் ஏதோ கோளாறு, ஆலயப் பணியாள் கோயில்குட்டியார் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார், பீடத்துக்கு முன்னால் கட்டிய வெள்ளை வேட்டியில் அந்த ஆறு வயது முகம் அத்தனை பெரிதாக, முன்பல் விழுந்த சந்து தெரிய, அப்படியே நின்றுபோயிருக்கிறது, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எப்சிபா முந்தானை நுனியைச் சுருட்டுகிறாள், அவிழ்க்கிறாள், திரும்பச் சுருட்டுகிறாள், அந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்பது இந்த ஆலயத்தில் அவளுக்கும் சபைப் போதகர் ஞானஒளிவு ஐயருக்கும்தான் தெரியும், மற்ற எல்லாரும் உகாண்டாவில் இருக்கிற ஓர் அனாதைப் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே செம்மண் தேரி மேடு வெயிலில் தகதகக்கிறது, இல்லை, அவள் நினைப்பில் இருப்பது இந்தத் தேரி இல்லை, உகாண்டா மண், அங்கேயும் இதே சிவப்புத்தான், போன அன்றைக்கு வேனிலிருந்து இறங்கியதுமே ஐயர் குனிந்து ஒரு பிடி அள்ளி, எம்மா எப்சிபா, நம்மூரு மண்ண யாரோ களவாண்டுட்டு வந்து இங்க கொட்டியிருக்கானுவ என்று சிரித்தார்.

ஒரு மாத ஊழியத்துக்கென்று சபையிலிருந்து ஆறு பேர் போயிருந்தார்கள், மற்றவர்கள் அனாதை இல்லத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், ஒழுகுகிற கூரையை மாற்றினார்கள், எப்சிபாவின் பங்குக்குப் பிள்ளைகள், நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் என்று ஒன்று கூடிவராமல் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடே காலம் போனவளுக்கு வேறென்ன வேண்டும், குளிப்பாட்டுகிறாள், நகம் வெட்டுகிறாள், கிழங்கை மசித்து ஊட்டுகிறாள், அத்தனை பேரிலும் அமோடிங்தான் வந்த அன்றைக்கே அவள் இடுப்பில் ஏறிக்கொண்டாள், ஏறியவள் இறங்கவேயில்லை, அடுப்படியானாலும் ஜெபமானாலும் எப்சிபா ஒருபக்கம் சாய்ந்தபடியேதான் நின்றாள், இடுப்பு கோணிப்போகும் என்று சமையல்காரி ரூத் இங்கிலீஷில் கேலி செய்தால், போனால் போகட்டும், இத்தனை வருஷம் நேராக இருந்து என்னத்தைக் கண்டது என்பாள். சபைக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், பிள்ளைகள் தமிழில் பேசினால் நம் ஜனங்கள் உருகிப்போவார்கள் என்று ஐயர் சொன்னதும் அவளே உட்கார்ந்து வரிகளை உண்டாக்கினாள், என் பேர் அமோடிங், எனக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, நீங்கதான் எனக்கு அம்மா, சொல்லிக்கொடுத்ததும் நம் ஞாயிறு பள்ளி வழக்கப்படிதான், காலைச் சேர்த்து, கையைக் கட்டி, முதலில் மனப்பாடம், அர்த்தம் பிறகு தன்னால் வரும், அவளும் அப்படித்தான் படித்தாள், அவளிடம் படித்தவர்களும் அப்படித்தான், பிள்ளை இரண்டே நாளில் கடகடவென்று ஒப்புவித்தது, கடைசி வரிக்கு மட்டும் தன் முகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தாள், நீங்கதான் எனக்கு அம்மா, சபைக்காக எழுதிய வரிதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எப்சிபா அதைத் தனக்கென்றே வாங்கிக்கொண்டாள், இன்னொரு தடவை சொல்லு கண்ணு, இன்னொரு தடவை, பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது, அவளுக்குத்தான் போதவில்லை.

சந்தை நாளில் ஒரு பெண் வருகிறாள், தலையில் கருவாட்டுக் கூடை, ஏரிக்கரையிலிருந்து நடந்தே வந்த புழுதி முழங்கால் வரை, கருவாடு வாங்கலாம் என்று எப்சிபா எழுந்தாள், அதற்குள் இடுப்பிலிருந்தது வழுக்கி இறங்கி ஓடிப்போய் அந்தப் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டது, யார் இது என்று ரூத்தைக் கேட்டால், அவளோட அம்மா என்கிறாள் ரூத் கிழங்கு சீவிக்கொண்டே, புருஷன் செத்துட்டான், சோறு போட வழியில்லை, இங்கே விட்டா பள்ளிக்கூடத்துக்காவது போகும்னு கொண்டாந்து விட்டா, சந்தைக்கு வரும்போதெல்லாம் பார்த்துட்டுப் போவா, இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு யாராவது ஒருத்தர் இருக்காங்க, நீங்க யாரும் கேட்கலையே. எப்சிபாவுக்குப் பொறாமைதான் முதலில் வந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது, இடுப்பு வெறிச்சென்று கிடந்தது, அமோடிங்கோ அம்மாவுக்கு முன்னால் காலைச் சேர்த்து, கையைக் கட்டி நின்று, தான் படித்த புதுப் பாஷையை எடுத்துவிடுகிறாள், என் பேர் அமோடிங், எனக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, அந்தத் தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினாள், திரும்பச் சொல்லச் சொன்னாள், தானும் கூடச் சொல்லிப் பார்த்தாள், எனக்கு அம்மாவும் இல்லை, எனக்கு அம்மாவும் இல்லை, நாக்குப் புரளாமல் தாய் தடுமாற, மகள் அதட்டித் திருத்த, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரித்த முகத்தோடே எப்சிபா பக்கம் திரும்பினார்கள், இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்கிறா என்றாள் ரூத்.

அர்த்தம் தன்னால் வந்து எப்சிபாவின் எதிரே நிற்கிறது, இப்போதும் கனவில் இந்த இடத்துக்கு வந்ததும் விழித்துக்கொள்கிறாள், கருவாட்டு வாசம் விழித்த பிறகும் போவதில்லை, நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன், மாத்திச் சொல்லித் தாரேன், பிறகு அர்த்தம் சொல்லுதேன் என்று தமிழும் இங்கிலீஷுமாகக் குழறிவிட்டு, அந்த மண்ணிலேயே முட்டிபோட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து அதன் தாயின் கைக்குள் வைத்து, சொல்லு கண்ணு, இது எங்க அம்மா, சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்தாலும் சொல்லிக்கொடுத்தாள், இந்த வரியின் அர்த்தத்தை ரூத்தை வைத்துத் தாய்க்கும் சொன்னாள். படம் பிடிக்கிற அன்றைக்குத் தாயும் சந்தைக்கு வந்திருந்தாள், பிள்ளை புது வரியைச் சொன்னதும் ஐயர் கைபேசியை இறக்கிவிட்டார், என்னம்மா இது, அனாதைப் பிள்ளைன்னு சொல்லித்தான சபை இதுக்குப் படிப்புச் செலவ ஏத்துக்கிட்டிருக்கு, தாயக் கொண்டுவந்து நிறுத்துனா கமிட்டியில பேர அடிச்சிருவாவ, பொறவு இந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது பாத்துக்கோ, எப்சிபாவுக்கு அது தெரியாதா, தெரிந்தும், தாய முன்னால வச்சுக்கிட்டே தாய் இல்லன்னு சொல்ல வைக்க என்னால ஏலாது ஐயரே, வேணும்னா நீங்க சொல்லிக்குடுங்க என்றாள், அவர் கைபேசியைத் திரும்பத் தூக்கிப் பிடித்து, சபையில நீதாம்மா பதில் சொல்லணும் என்றார்.

பெட்டி உறுமுகிறது, ஆலயம் நிறைய அந்தக் கீச்சுக் குரல், என் பேர் அமோடிங், எனக்கு அப்பா இல்லை, சின்னக் கை நீண்டு திரைக்கு வெளியிலிருந்து ஒருத்தியை இழுத்துக்கொண்டு வருகிறது, இது எங்க அம்மா, அவ்வளவுதான், படம் முடிந்தது, சபைச் செயலர் பாக்கியநாதன் எழுந்து தொண்டையைச் செருமினார், எப்சிபாக்கா, அப்போ இது அனாதை இல்லையே. எப்சிபா எழுந்தாள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தங்கபுஷ்பம் சித்தியின் குரல், புருஷன் போன பிறகு பீடி சுற்றியே நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவள், ஏன்டே பாக்கியம், தாய் இருந்தா புள்ளைக்குப் பசிக்காதோ?

பாக்கியநாதன் நின்றார், பெண்கள் பக்கம் பார்த்தார், அங்கே ஒரு முகமும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை, மெல்ல உட்கார்ந்தார், பேர அடிக்கண்டாம், இருக்கட்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார், சித்தி விடவில்லை, அந்தப் படத்த இன்னொருக்கப் போடுங்க, தாய்க்காரிய நல்லாப் பாக்கல. எப்சிபாவுக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டாள், திரையில் அமோடிங் மறுபடி வாயைத் திறந்தாள், எப்சிபா இந்தத் தடவை பிள்ளையைப் பார்க்காமல் அதன் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், மகள் சொல்லச் சொல்ல அவள் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைகிறது, மகளுக்குப் பாடம் மறந்துபோய்விடக் கூடாதே என்று, இப்போது அர்த்தம் தெரிந்து, இது எங்க அம்மா, இது எங்க அம்மா.