பதினோராம் பக்கத்துக்கு எழுந்து நின்றவர்கள்

சட்டம் வந்த அன்று எங்கள் வழிபாட்டுச் சபையில் ஒருவருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எதிர்க்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சட்டம் என்னவோ சின்னதுதான். எல்லாப் பள்ளிகளிலும், தினமும் முதல் பாடவேளையில், அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்கும் தேச ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தை ஆசிரியர் உரக்க வாசிக்க வேண்டும். பிள்ளைகள் எழுந்து நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆசிரியர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அப்புறம் எந்த ஊர்ப் பள்ளியிலும் சாக்பீஸ் பிடிக்க முடியாது.

ஏட்டை எழுதியவர் கல்வி அமைச்சரின் சம்பந்தி. மகளைக் கட்டிக் கொடுத்த இடம் என்பதால் அமைச்சர் அவரை மகாகவி என்றுதான் மேடையில் சொல்வார். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்?

எங்கள் சபைத் தலைவர் மரக்கடை வைத்திருப்பவர். தேக்கு என்று சொல்லி எதையும் விற்கக்கூடிய குரல் அவருக்கு. வழிபாட்டுக் கூடத்தில் மைக்கைப் பிடித்து முழங்கினார்.

"படைச்சவனை விட்டுட்டு மண்ணை வணங்கச் சொல்றாங்க! அந்தப் புத்தகத்தைப் படிக்கிறது மட்டும் இல்ல, தொடறதே பாவம்! திறந்தா பெரும்பாவம்!"

கூட்டம் தலையாட்டியது. பக்கத்தில் இருந்தவரிடம் நான் மெதுவாகக் கேட்டேன், "திறக்காமயே உள்ள இருக்கிறது தலைவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதான்யா தலைவர்" என்றார் அவர்.

ஊர்வலம் போனோம். மனு கொடுத்தோம். உண்ணாவிரதமும் இருந்தோம், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில். ஏடுகள் வந்த பெட்டிகளைப் பிரிக்காமல் எங்கள் சபைப் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில், கிழிந்த கைப்பந்து வலைக்குக் கீழே வைத்துப் பூட்டினார்கள். மற்ற மதத்துக்காரர்களும் அவரவர் பாணியில் எதிர்த்தார்கள். ஆனால் எதிர்ப்பில் எங்களை மிஞ்ச முடியவில்லை. அவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டார்கள். திறந்தவனுக்கு ஒன்றிரண்டு இடமாவது பிடித்துத் தொலைக்கும். நாங்கள் அந்த ஆபத்தே இல்லாதவர்கள்.

இதில் மாட்டிக்கொண்டது என் அக்கா.

அக்கா எங்கள் சபைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக மொழிப்பாடம் நடத்துகிறாள். முதல் பாடவேளை அவளுடையது, பதிவேடும் அவள் கையில். தலைவர் அவளைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, வாசிக்கக் கூடாது. கையெழுத்தும் போடக் கூடாது. எது வந்தாலும் சபை உங்க பின்னாடி நிக்கும்" என்றார்.

"சரிங்க ஐயா. அதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க."

"என்னம்மா இது? நமக்குள்ள தாள் எதுக்கு? நான் வாயால சொன்னா பத்திரம் மாதிரி."

அக்காவும் நானும் துணிக்கடை வீட்டில் வளர்ந்தவர்கள். 'நமக்குள்ள' என்று எவனாவது ஆரம்பித்தால் அளந்து பார்க்க முழக்கோலைக் கையில் எடுத்துக்கொள்வோம். இருந்தும் அவள் ஒத்துக்கொண்டாள். பக்தி ஒரு காரணம். பிள்ளைகளைக் கிளிகளாக்கி நிற்கவைக்க மனம் வராதது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்றாம் வாரம் ஆய்வாளர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். வெள்ளைவெளேர் என்று இருந்தது. "தாள் நல்ல தரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. 'ஆசிரியர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை ஏன் நீக்கக்கூடாது என்பதற்கு நேரில் வந்து விளக்கம் தருக.'

அன்று மாலை அக்கா என் கடைக்கு வந்தாள். பள்ளிக்கு எதிர்ச் சாரியில் நோட்டு, பேனா, அட்டை விற்கும் கடை என்னுடையது. கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் போட்டாள். தேச ஏடு.

"ஐயையோ, தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே!"

"அப்போ பேனா மூடியால புரட்டு. பதினோராம் பக்கம்."

"நீ எப்போ இதைத் திறந்தே?"

"வந்த அன்னிக்கே. ஒரு பெட்டி ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. அச்சுல ஒண்ணைப் பார்த்தா என் கை சிவப்புப் பேனாவைத் தேடும். நாற்பது பக்கத்துல அறுபது பிழைடா. பதினோராம் பக்கத்துல மட்டும் ஒண்ணுகூட இல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம்."

படித்தேன்.

*கண்ணிமை போலெனைக் காத்தநாடே – உன்*
*காலடி நிழலன்றிக் கதி எனக்கேது!*

எனக்கு வாய் பிளந்துவிட்டது. இது எங்கள் சபையின் முதல் துதிப்பாட்டு. 'காத்தவனே' இருந்த இடத்தில் 'காத்தநாடே' உட்கார்ந்திருந்தது. மற்றபடி எட்டு வரியும் அப்படியே.

"நாட்டுக்கு ஏதுக்கா காலடி?"

"அதை அந்த மகாகவியைக் கேளு. சட்டையைத் திருடினவன் அளவுகூடப் பார்க்கல."

இந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்கள் காதில் இது எங்கே விழுந்தாலும் சரி, சட்டென்று எழுந்து, வலக்கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, இரண்டாவது வரியை முடித்துவைக்க வேண்டும். பால் குடிக்கும்போதே பழக்கிவிடுவார்கள். ஒருமுறை நெரிசலான பேருந்தில் எவனோ குறும்புக்காரன் முதல் வரியைப் பாடி, எங்கள் ஆட்கள் ஏழு பேரை எழுப்பிவிட்டு, ஏழு இருக்கையிலும் தன் கூட்டத்தை உட்காரவைத்தான்.

"வாக்கா, இப்பவே தலைவர்கிட்ட போய்ச் சொல்லுவோம்."

"சொன்னா? நாளைக்கே மைக்கைப் பிடிச்சுடுவார். பேப்பர்ல அவர் போட்டோ வரும், பட்டியல்ல என் பேரு போயிருக்கும். சரக்கை ரோட்டுல கொட்டிட்டு அப்புறம் என்னடா பேரம்?" புத்தகத்தைப் பைக்குள் போட்டாள். ஜிப்பை இழுத்து மூடினாள். "இருபத்திரண்டு வருஷம். எனக்கு வேற எதுவும் தெரியாதுடா" என்றாள். நான் கேலி செய்யாமல் கடையைச் சாத்தினேன்.

விசாரணை கல்வி அலுவலகத்தின் மாடி அறையில். நீள மேசை, கால் ஆடும் நாற்காலிகள், கோப்புகளை அடைத்த இரும்பு அலமாரி, மூலையில் தட்டச்சு செய்யும் அம்மாள். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. ஓய்வு பெற எட்டு மாதம் இருப்பவர், எந்தப் பிரச்சினையும் ஒன்பதாவது மாதத்துக்குத் தள்ளிப்போகாதா என்று பார்ப்பவர். இந்தப் பக்கம் அக்கா, துணைக்கு நான். பள்ளி நிர்வாகத்தின் சார்பில் மரக்கடைத் தலைவரும், சபைச் செயலாளரான கடிகாரக் கடைக்காரரும்.

"வாசிக்க வேண்டாம்னு பள்ளி நிர்வாகம் உத்தரவு போட்டுச்சா?" அதிகாரி தலைவரைக் கேட்டார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். பள்ளியின் அங்கீகாரம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எழுத்துல எதுவும் இல்லைங்க சார். அது வந்து... டீச்சரம்மாவோட சொந்த மனசாட்சி."

"வாயால?"

"வாயால நாங்க ஆயிரம் பேசுவோங்க."

செயலாளர் தன் கைக்கடிகாரத்தை ஆராயத் தொடங்கினார். கடையில் இருக்கும்போதுகூட எந்தக் கடிகாரத்தையும் அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. அக்காவின் பின்னால் நிற்பதாகச் சொன்ன சபை உண்மையில் பின்னால்தான் நின்றது, நல்ல தூரத்தில்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

"வாசிக்கலைங்கறதுதானே சார் புகார்? இப்போ வாசிக்கறேன். உங்க முன்னாடியே."

தலைவர் முகத்தில் நிம்மதி பரவியது. பாவத்தை அவள் செய்வாள், பள்ளி பிழைக்கும். அக்கா எழுந்தாள், ஏட்டை விரித்தாள், வாசிக்கவில்லை. பாடினாள். கூடத்தில் பாடும் அதே மெட்டு.

"கண்ணிமை போலெனை..."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. தலைவர் எழுந்துவிட்டார். செயலாளர் எழுந்துவிட்டார். விஷயம் தெரிந்திருந்தும் என் முழங்கால்கள் என்னைக் கேட்காமல் நிமிர்ந்துவிட்டன. கை நெஞ்சுக்குப் போயிற்று, கண் மூடிற்று. 'நாடே' என்று அக்கா முடித்தது ஒருவர் காதிலும் ஏறவில்லை. மூன்று பேரும் சேர்ந்து உருகினோம்.

"உன் காலடி நிழலன்றிக் கதி எனக்கேது!"

நான்காவதாக ஒரு பெண்குரலும் கேட்டது. கண்ணைத் திறந்தால், தட்டச்சு அம்மாள் நெஞ்சில் கைவைத்து நிற்கிறார். எங்கள் ஆள் என்பதைப் பதினாறு வருடம் மறைத்து வைத்திருந்தாராம். சட்டென்று உட்கார்ந்து மடமடவென்று விசைகளைத் தட்டினார், இயந்திரத்தில் தாளே இல்லாமல்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "சபைப் பிரதிநிதிகள் தாமாக எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, தேசத்தை வணங்கினர்."

"யோவ்... சார்! சார்! அது எங்க துதிப்பாட்டு!" என்று தலைவர் அலறினார்.

"எது? இதுவா? இது அரசாங்கப் புத்தகத்துல இருக்கு."

தலைவர் அக்காவின் கையிலிருந்து ஏட்டைப் பிடுங்கினார். தொட்டால் பாவம் என்ற புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தார். "எங்க வீட்டுச் சரக்கு சார் இது! பூட்டன் காலத்துல இருந்து பாடறோம்! திருட்டு!"

"அப்போ கவிஞர் திருடினார்னு பதிவு பண்ணிக்கட்டுமா? அவர் யாரோட சம்பந்தின்னு தெரியுமில்ல?"

தலைவர் ஏட்டை மூக்கருகிலிருந்து இறக்கினார். மரக்கடைக்கு லைசென்ஸ் கொடுக்கும் வனத்துறையும் அதே அமைச்சர் கையில்தான் இருந்தது.

அக்கா சாந்தமாகச் சொன்னாள். "பண்ணிக்குங்க சார். கூடவே இன்னொண்ணும் எழுதிக்குங்க. இந்த நாட்டுல எல்லாப் பள்ளிக்கூடத்துலயும், எல்லா மதத்துப் பிள்ளைங்களும், பதினோராம் பக்கம் வர்ற அன்னிக்கெல்லாம் எழுந்து நின்னு எங்க சபைப் பாட்டைப் பாடறாங்க. சட்டப்படி."

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. மற்ற மதத்துக்காரர்களின் காதுக்கு இது போனால் அந்த எட்டு மாதம் எப்படிக் கழியும் என்று அவர் கணக்குப் போடுவது நெற்றியில் தெரிந்தது. ஆனால் தலைவருக்கோ வேறு விளக்கு எரிந்தது. "அட... ஆமா இல்ல?" என்றார் மெதுவாக. "நாடு முழுக்க நம்ம பாட்டு! இது நல்ல சட்டமா இருக்கும் போலயே!"

"நீங்க உட்காருங்கய்யா!" அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார். "டீச்சர், இது வெளியே போகக் கூடாது. உங்களைக் கண்டிப்போட விட்டுடறேன். பேரு இருக்கும்."

"கண்டிப்பு எதுக்கு சார்? தப்புப் பண்ணினவங்களுக்குத்தானே அது?"

"சரி, எச்சரிக்கை. வெறும் எச்சரிக்கை."

"வேண்டாம் சார். நீங்க சங்கடப்படாதீங்க. நான் பேப்பர்காரங்ககிட்ட பேசிக்கறேன்." பையைத் தோளில் மாட்டினாள். "வாடா தம்பி."

எங்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த வித்தை. பேரம் படியாவிட்டால் கடையை விட்டு இறங்க வேண்டும், கடைக்காரன் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது, நடையில் அவசரமும் கூடாது, தயக்கமும் கூடாது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. அவள் கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. மூன்று. அதிகாரியின் குரல் வரவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கதவு திறந்துவிட்டால் பேரமும் போச்சு, பெயரும் போச்சு என்பது எனக்குப் புரிந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

"என்னதான்மா வேணும்?" என்றார் அதிகாரி.

அக்கா திரும்பினாள். "மூணு வாரத்துக்கும் சேர்த்து வாசிப்பு நடந்ததுன்னு எழுதுங்க. இத்தனை பேர் எழுந்து நின்னதை நீங்களே பார்த்தீங்க. கண்டிப்பு, எச்சரிக்கை, அறிவுரை எதுவும் இருக்கக் கூடாது. எங்க பள்ளியில இனி பதினோராம் பக்கம் மட்டும்தான். அரை நிமிஷம். மிச்சப் பாடவேளை என்னோடது."

"மத்த முப்பத்தொன்பது பக்கம்?"

"அதுல அறுபது பிழை இருக்கு சார். பட்டியல் போட்டு அனுப்பட்டுமா?"

அதிகாரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். அக்கா தலைவர் பக்கம் திரும்பி, ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தாள்.

"வாசிக்க வேண்டாம்னு சொன்னது நான்தான்னு எழுதிக் குடுங்க ஐயா."

"இப்போதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே டீச்சரம்மா! இனிமே அது எதுக்கு?"

"அப்போ தயங்காம எழுதலாமே."

தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தன் பேனாவையே நீட்டினார். எழுதும்போது தலைவரின் கை, மரத்தில் முடிச்சு இருக்கும் இடத்தில் அறுக்கும் வாள் போவதுபோலப் போயிற்று.

அந்த வார இறுதியில் கூடத்தில் பெரிய விழா. சபையின் போராட்டம் வென்றது என்று தலைவர் முழங்கினார். அரசாங்கமே நம் பாட்டுக்கு வந்துவிட்டது என்று ஜாடையாகச் சொல்லிக் கண்ணடித்தார். அதே நாள் கல்வி அலுவலக அறிக்கை, எதிர்த்த சபையே சட்டத்தை ஏற்று எழுந்து நின்றது என்றது. இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்ட சண்டை அது. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் 'அவனே' என்கிறார்கள், மீதிப் பேர் 'நாடே' என்கிறார்கள். அரை நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மேடையில் அக்காவின் பேச்சே எடுக்கவில்லை.

விழா முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தோம். தலைவர் வேர்க்க வேர்க்க வந்து குனிந்து பேசினார். "டீச்சரம்மா, அந்தக் கடுதாசி... நமக்குள்ள அது எதுக்கு? திருப்பிக் குடுத்துடலாமே?"

"குடுத்துடறேன் ஐயா."

"எப்போ?"

"நான் ஓய்வு பெறுற அன்னிக்கு" என்றாள் அக்கா. "பதினோரு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் என் பேரை நீங்கதான் பத்திரமாப் பார்த்துக்கணும்."

தலைவர் சிரிக்க முயன்றார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, திருத்த வேண்டிய நோட்டுகள் வீட்டில் காத்திருக்கின்றன என்று என்னை அவசரப்படுத்தினாள்.