எடைக்குப் பின் இரண்டு மணி நேரம்

ஃபுவாத்தினோ வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பளு தூக்கும் மகள் சியேனி எதை எப்போது தின்ன வேண்டும் என்று உணவு நிபுணர் எழுதிக் கொடுத்தது. அதன் கடைசி வரிக்குப் பயிற்சியாளர் இயோசுவா சிவப்பில் கோடு போட்டிருந்தார். எடை பார்த்ததும் உடனே தண்ணீர், சோறு. மேடையேற இரண்டு மணி நேரம்தான் இருக்கும்.

ஐம்பத்தொன்பது கிலோப் பிரிவுக்கு சியேனி ஒன்றரைக் கிலோ கூடுதல்.

"பானையக் கண்டா விடமாட்டியே, அனுபவி! ரெண்டு நாள் வாயக் கட்டு. எடை பாத்ததும் அம்மா ஊட்டுவாங்க" என்று சிரித்தார் இயோசுவா.

ஃபுவாத்தினோ சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றாள். "எங்க குடும்பம் முழுக்க போட்டியன்னிக்கு உபவாசம். எம்மக தூக்கி முடிக்கிறவரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது" என்றாள். சபையும் சேர்ந்துகொண்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டியன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எடை பார்த்தார்கள். எடை குறைய வேண்டுமென்று காலை முழுக்கக் கோப்பையில் எச்சில் துப்பி வற்றிப்போயிருந்தாள் சியேனி. ஐம்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரத்தைம்பது கிராம். இயோசுவா தொடையைத் தட்டினார். ஃபுவாத்தினோ சோற்றுத் தூக்கைத் திறந்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த கோகோச் சோறு கமகமத்தது.

சியேனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. தூக்கிட்டுத் திங்கிறேன்."

"அடிப் பைத்தியமே! உபவாசம் எங்களுக்குடி, உனக்கில்ல!"

"குடும்பம் முழுக்கன்னுதானே சொன்ன? நான் குடும்பமில்லையா?"

பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்த போதகரின் மனைவி சியேனியின் தலையைத் தடவினாள். "நல்ல பிள்ள. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்காச்சே."

"அம்மா, ஒரு வாய்த் தண்ணியாவது..." என்று போதகரின் மனைவியிடம் இழுத்தார் இயோசுவா. அந்தச் சபையில் அவர் மூப்பர். அவள் நிமிர்ந்து பார்த்ததும், தரையில் சிந்தியிருந்த, பிடி வழுக்காமல் கையில் பூசும் வெள்ளைப் பொடியைக் காலால் தேய்க்கத் தொடங்கினார்.

ஒரு மணி அடித்தது. சியேனியின் உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. இத்தனை புழுக்கத்திலும் அவள் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம் இன்னும் ஃபுவாத்தினோவின் கையைப் பிடித்து வைத்திருந்தது. ஒன்றரை ஆயிற்று. மகளின் விரல்கள் கோணிக்கொண்டு மடங்கின; நீவிவிட்டால் மறுபடியும் மடங்கின.

இனி என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது! ஃபுவாத்தினோ தூக்கில் கையை விட்டு ஒரு பிடிச் சோற்றை அள்ளி, போதகரின் மனைவி பார்க்கப் பார்க்கத் தன் வாயில் திணித்துக்கொண்டாள்.

"பாத்துக்குங்க. உபவாசத்த நான் முறிச்சிட்டேன். பாவம் எந்தலையில. சியேனி, வாயத் தொற கண்ணு."

விசிறி நின்றுபோனது. சியேனி சொன்னபடி வாயைத் திறந்தாள். ஊட்டிய சோறு அப்படியே நாக்கில் கிடந்தது. விழுங்க அவளுக்குத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. சியேனியின் பெயரை அழைத்தார்கள். இரண்டாம் முறையும் அழைத்தார்கள்.

வாயிலிருந்து கோகோ வழிய அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"யாரும்மா அது? யாரக் கூப்பிடறாங்க?"