மங்கலான புள்ளி

காலையில் நெல்லித்தோப்பில் கரண்ட் போனபோது சிலி நாட்டில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அங்கே மலைமேலிருக்கும் தொலைநோக்கியை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பார்த்து இயக்கவிருந்த சத்யப்பிரியா வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள்; தெரு முழுக்கவே கரண்ட் இல்லை. அவளுடைய கருந்துளை ஆராய்ச்சிக்கு இந்த வருடம் கிடைத்ததே அந்த அரை ராத்திரிதான். லேப்டாப்பில் சார்ஜும் நிற்காது.

பிள்ளைச்சாவடி ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரர் அய்யப்பனுக்குப் போன் போட்டாள்.

“மாமா, உங்க கம்பெனில ஜெனரேட்டர் இருக்கில்ல?”

“இருக்குது. இன்னா ஆச்சி?”

“வந்து சொல்றேன்.”

தான் சேரும்வரை, கருந்துளை இருக்கும் என்று தேடும் விண்மீன் திரளின் மையத்தில் கருவியை நிறுத்தி வைக்கும்படி சிலியிலிருந்த ஆபரேட்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். முத்தியால்பேட்டை தாண்டுமுன் பைக்குள் போன் அடித்தது. எடுக்கவே பயம். மேகம் மூடிவிட்டது என்பார்களோ?

ஐஸ் கம்பெனி ஆபீசில் இயந்திர இரைச்சல் காதைப் பிளந்தது. அய்யப்பன் ஃபேன் பிளக்கைப் பிடுங்கி இடம் கொடுத்தார். திரை எரிந்ததும், வழியில் போனில் கூப்பிட்டிருந்த ஆபரேட்டர் ஆங்கிலத்தில் கேட்டாள்: இரண்டு புள்ளிகள் தெரிகின்றன, பிரகாசமானதில் வைத்திருக்கிறேன், சரிதானே?

சத்யப்பிரியா திரையை நெருங்கிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த பழைய படங்களில் ஒரே புள்ளிதான். தூசியை ஊடுருவும் அகச்சிவப்புக் கதிரில் பக்கத்திலேயே மங்கலாக இன்னொன்று. கருந்துளை எதில்? ஆராய்ச்சிக் கைடுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப்.

வெவ்வேறு ஒளி வடிகட்டிகளில் எடுத்த படங்களைப் புரட்டினாள். அலைநீளம் கூடக் கூட மங்கலான புள்ளி துலங்கிக்கொண்டே வந்தது. உள்ளே தூசி தகதகவென்று சூடேறிக் கிடக்கிறது; கருந்துளை சூடாக்கியதாக இருக்கலாம். பிரகாசமானது வெறும் இளம் நட்சத்திரக் கூட்டமாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

மங்கலானதற்கு மாற்றச் சொன்னாள். மாற்றினால் திரும்பிவர நேரமிருக்காது என்றாள் ஆபரேட்டர். “பரவால்ல” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

முதல் நிறமாலைப் பதிவில் ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல் புள்ளிகள். நாசமாக்கிவிட்டோம் என்று உட்கார்ந்திருந்தாள். பதிவுகள் சேரச்சேர, வான வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்தபோது ஹைட்ரஜன் கோடு எழும்பியது. கூரான ஊசியாக அல்ல, அடி அகன்ற மேடாக. கருந்துளை போன்ற எதையோ சுற்றி வாயு வெறிபிடித்தாற்போல் ஓடினால்தான் அப்படி விரியும்.

“கெடச்சிதா?” அய்யப்பன் எட்டிப் பார்த்தார்.

“கெடச்சாப்ல இருக்குது மாமா. இன்னும் சரிபாக்கணும்.”

“அப்புறம் ஏன் அழுவுற?”

“தெரில” என்று சொல்லி அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.