அழுமூஞ்சி கார்

பல் டாக்டருக்கு ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கத் தெரியும். தன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கடுமையாகப் பேசத்தான் தெரியாது. அவருடைய காரும் அவரைப் போலத்தான். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும், அவ்வளவு சின்னது. ரவுண்டானாவில் அதற்கு யாரும் வழி விடமாட்டார்கள். அவரும் ஹார்ன் அடிக்க மாட்டார். "பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ" என்று நின்றுகொண்டே இருப்பார். ஒரு நாள் அப்படி நின்று நின்று அவர் கிளினிக் போய்ச் சேர்வதற்குள், வலி தாங்காமல் காத்திருந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, அதைச் சொல்லிவிட்டுப் போவதற்கென்றே திரும்பி வந்திருந்தார்.

மனைவியின் தம்பிக்கு இது பொறுக்கவில்லை.

"மாமா, உங்க வண்டி மூஞ்சில ஒரு ரோஷம் இல்ல. எதிர்ல வர்றவன் எப்படி மதிப்பான்? முதல்ல லைட்டை மாத்துங்க."

அவனே ஒரு கடையையும் காட்டினான். கடைக்காரரை எல்லாரும் 'பேட்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் சார்ஜ் இறங்காது. அவர் எடுத்து வைத்த பெட்டியின் மேல் ஒரு புலி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு ஹெட்லைட். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுவதற்குப் புருவம் மாதிரி ஒரு விளக்குப் பட்டை. இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பட்டையில் மஞ்சள் வெளிச்சம் சொட்டுச் சொட்டாக ஓடும்.

"இதை மாட்டினா உங்க வண்டி முறைக்கும் பாருங்க டாக்டர், லாரிக்காரனே ஒதுங்கிப் போவான்" என்றார் பேட்டரி.

பேசிக்கொண்டே மாட்டினார். பேச்சு சுவாரசியத்தில் இடது புருவம் வலப்பக்கமும், வலது புருவம் இடப்பக்கமும் போய்ச் சேர்ந்தன. பொழுது சாய்கிற நேரம். டாக்டர் அவசரமாக ஏறிக் கிளம்பிவிட்டார். தன் முகம் தனக்குத் தெரியாது என்பார்கள். காரை ஓட்டுகிறவனுக்குக் காரின் முகமும் அப்படித்தான்.

ரவுண்டானாவில் அதிசயம் நடந்தது. ஒரு பெரிய பஸ் சட்டென்று நின்றது. டிரைவர் நெஞ்சில் கை வைத்து, "நீங்க போங்க" என்று தலையசைத்தார். டாக்டருக்குப் புல்லரித்தது. "அப்படி வாங்கடா வழிக்கு" என்று, ஜன்னல் கண்ணாடியை நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார். சிக்னலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஜன்னலைத் தட்டி, "மனசைத் தேத்திக்கோங்கண்ணே, எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான்" என்றான். அது மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டி திரும்பியதும் மனைவி பதறி ஓடிவந்தாள்.

"ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. லைட்டு மாத்தியிருக்கேன். எப்படி, பயமா இருக்கா?"

"இறங்கி வந்து பாருங்க."

இறங்கிப் பார்த்தார். புருவம் இரண்டும் நடுவில் ஏறி, ஓரத்தில் சரிந்து, கார் தாயைப் பிரிந்த பிள்ளை போல நின்றது. அணைக்க மறந்த இண்டிகேட்டர் ஒரு கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பேட்டரியின் கடை பூட்டிக் கிடந்தது. தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். வேறு வழியில்லாமல் டாக்டர் அதே காரைக் கிளினிக் வாசலில் நிறுத்தினார். முதலில் வந்த அம்மாள் காரைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், வந்த வழியே திரும்பிவிட்டாள். அடுத்து வந்தவரும் அப்படியே. இன்றைக்குக் கிளினிக் காற்று வாங்கப்போகிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தபோது, கதவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். ஆள் ஆஜானுபாகு, மீசை தனியாக இரண்டு கிலோ இருக்கும். நாற்காலியில் சாய்ந்தவர் கேவிக் கேவி அழ ஆரம்பித்தார்.

"நான் இன்னும் தொடவே இல்லையே!" என்றார் டாக்டர்.

"தெரியும் சார். கடைவாய்ப் பல்லு ரொம்ப நாளாச் சொத்தை. இந்த ஊசிக்குப் பயந்து பயந்து ஓடிட்டேன். இந்த மீசையை வெச்சுக்கிட்டு அழுதா சிரிப்பாங்கல்ல? இன்னிக்கு வாசல்ல பார்த்தா உங்க வண்டியே அழுதுக்கிட்டு நிக்குது. அதுவே அழும்போது எனக்கென்ன வெட்கம்?"

அழுது முடித்து, பல்லைக் கொடுத்துவிட்டு, மனம் லேசாகிப் போனார். போன இடத்திலெல்லாம் சொன்னார். பயத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்த மனிதர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பல்வலி இல்லாத இருவர்கூட வந்து, வரிசையில் உட்கார்ந்து சற்று அழுதுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் முடிந்து வந்த பேட்டரி விஷயம் கேட்டுத் துடித்துப்போனார். டாக்டர் உள்ளே ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலிலேயே புருவங்களை மாற்றி மாட்டிவிட்டார். கார் இப்போது பெட்டிமேல் இருந்த புலியைவிடக் கோபமாக முறைத்தது. வரிசையில் நின்றவர்கள் ஒரு நிமிடத்தில் கலைந்தார்கள். லாரி டிரைவர் மட்டும், தையல் பிரிக்க வந்தவர், தூண் மறைவில் நின்றார்.

டாக்டர் வெளியே ஓடிவந்தார். "பேட்டரி, தயவுசெஞ்சு பழையபடியே மாட்டிடுங்க."

"தப்புன்னு தெரிஞ்சே தப்பா மாட்டச் சொல்றீங்களா? அன்னிக்குத் தெரியாம செஞ்சேன், அது மனுஷன் செய்யறது. தெரிஞ்சு செஞ்சா என் கை விளங்குமா?" பேட்டரி பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

டாக்டருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. முகமூடி, கையுறை மாட்டினார். பல் கழற்றும் குறடால் இரண்டு புருவத்தையும் நெம்பினார். பழக்கதோஷத்தில், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அவ்வளவுதான்" என்று காரிடம் சொன்னார். லாரி டிரைவர் டார்ச் பிடித்தார். டாக்டர் பல் சிமெண்டைக் குழைத்து ஒரு புருவத்தைச் சோகமாகச் சரித்து ஒட்டினார். இரண்டாவதை வைத்துச் சாய்ப்பதற்குள் சிமெண்ட் இறுகிவிட்டது. புருவம் நேர்கோடாக நின்றது. இழுத்தார், அசையவில்லை. அவர் வைத்த சிமெண்ட் என்றைக்கும் அசைந்ததில்லை.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி காரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தாள்.

"இப்போ அழற மாதிரியும் இல்ல, முறைக்கிற மாதிரியும் இல்லீங்க. யாரோ சொன்னதை இது நம்பலாமா வேணாமான்னு யோசிக்கிற மாதிரி இருக்கு."

"அது போதும்மா" என்றார் லாரி டிரைவர். "நாம சொல்றதைக் கேக்கிற மூஞ்சி அது. உக்காந்து சொல்லலாம்." சொல்லிவிட்டு, தையல் பிரிப்பதற்காகத் தைரியமாக முன்னால் உள்ளே நடந்தார். டாக்டர் கையைக் கழுவப் போனார்.