டேனி பெயரில் வந்த கடிதம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வீடியோ விளையாட்டில் என் எண்ணிக்கை தொண்ணூற்றேழாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு மணிக்கு கிளீவ்லாண்ட் அணியின் ஃபுட்பால் ஆட்டம். வீட்டில் இருப்பதோ ஒரே டிவி. அதன் முன்னால் கம்பளத்தில் உட்கார்ந்து, விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தேன். சர்ச்சில் காலைப் பூசைக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றவில்லை.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான்தான் வண்டு. சுற்றிச் சுற்றிச் சுவர்கள், சந்துகள், சந்தெல்லாம் புள்ளிகள். அவற்றைத் தின்றுகொண்டே போக வேண்டும். நான்கு சிலந்திகள் துரத்தும். நடுவில் நிறுத்திவைக்க வழியே கிடையாது. அடுப்பில் முட்டைக்கோஸ் தீய்ந்தாலும் சரி, வாசல் மணி அடித்தாலும் சரி, சிலந்திகளுக்குக் கவலையில்லை. ஆனால் கீழே இடது மூலையில், சுவரைப் பார்த்தபடி வண்டை நிறுத்தினால் கொஞ்ச நேரம் அவற்றின் கண்ணுக்குத் தப்பலாம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆறு மாதம் விளையாடி நானே கண்டுபிடித்தது. பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய் டெக்சாஸில் ராணுவத்தில் சேர்ந்த என் மகன் டேனிக்குக்கூடத் தெரியாது. அவன் முப்பதாயிரத்தைத் தாண்டியதே இல்லை.

ஒரு லட்சத்தைத் தாண்டி, டிவி திரையைப் படம் பிடித்து அனுப்பினால், விளையாட்டைச் செய்த கம்பெனி சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிப் பதக்கம் அனுப்பும். அவர்களுடைய பத்திரிகையில் பெயரும் போடுவார்கள். நான் போன மாதமே தாண்டினேன். ஒரு லட்சத்து நாலாயிரம். என் கணவன் வால்ட்தான் படம் எடுத்தான், ஃப்ளாஷ் போட்டு. கண்ணாடித் திரையில் ஃப்ளாஷ் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. படத்தைக் கழுவிப் பார்க்காமல் ஃபிலிம் சுருளை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. படத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம்தான் இருக்கிறதாம், எண் தெரியவில்லையாம். அதுகூடப் போகட்டும். கடிதம் இப்படித் தொடங்கியிருந்தது: 'அன்புள்ள டேனி, மனம் தளராதே. அடுத்த முறை ஃப்ளாஷ் இல்லாமல் எடு. கேமராவைப் பிடிக்க அம்மாவின் உதவியைக் கேள்.'

எனக்கு முதலில் புரியவே இல்லை. படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டது வால்ட். கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"வயசு நாப்பத்தாறுன்னு எழுதினா சிரிப்பாங்க ஆர்லீன். அதான் பையன் பேரப் போட்டேன்."

பள்ளிக்கூடச் சமையலறையில் தினம் முந்நூறு பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு அள்ளிப் போடுகிற கை இது. இரும்பாலை மூடி வேலை போய் அவன் பதினோரு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், நான் சிரித்தேனா? அன்றைக்கு அவனோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. புதுப் படிவம் ஒன்றை வாங்கி, பேனாவால் என் பெயரையும் வயதையும் கொட்டை எழுத்தில் எழுதி டிவி மேலேயே வைத்தேன். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் ஆட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

வால்ட்டின் தம்பி ஜீன் பின்வாசல் வழியாக ஒரு பெட்டி பீரோடு உள்ளே வந்தான். வந்த வேகத்தில் டிவிக்குப் பின்னால் கையை நீட்டினான். அங்கே இருக்கிற சின்னப் பொத்தானை நகர்த்தினால் திரை ஃபுட்பாலுக்கு மாறிவிடும். என் கண்ணில் படாமலே வண்டு செத்துப்போகும்.

"அதத் தொட்டே, இன்னிக்கு உனக்கு சாசேஜ் கிடையாது," என்றேன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அண்ணி, ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது!"

"என் ஆட்டம் பத்தரைக்கே ஆரம்பிச்சாச்சு."

ஜீன் வால்ட்டைப் பார்த்தான். "என்னண்ணே, உன் வீட்டுல உனக்கு டிவி இல்லையா?"

ஜீன் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "நாப்பத்தாறா! பேசாம டேனி பேர எழுதுங்க அண்ணி. நம்பரு ஒண்ணுதானே? ஒரு வாரத்துல பதக்கம் வந்துரும்."

"டேனி ஜெயிச்சா டேனி பேர எழுதுவேன். அத வச்சிட்டுப் போ. சமையல்கட்டுல ரேடியோ இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே பீரோடு சமையல்கட்டுக்குப் போனான். வால்ட்டும் பின்னாலேயே போவான் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. சிலந்திகள் இப்போது என்னைவிட வேகம். கட்டைவிரல் மரத்துவிட்டது. மிஞ்சியிருப்பது ஒரே உயிர். மேல் சந்தில் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வந்தபோது நடுவில் நுழைந்து வெளியேறினேன். எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது. எண் ஒரு லட்சத்தைத் தாண்டியது. சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. விளையாடினேன். ஒரு லட்சத்து ஆறாயிரம் வந்ததும் வண்டைக் கீழே இடது மூலைக்குக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து நிறுத்தினேன்.

"வால்ட், கேமரா."

"முடியட்டுமே. செத்தப்புறமும் நம்பர் நிக்கும்."

"உயிரோட இருக்கும்போதே எடு. சுருள்ல ஒண்ணுதான் பாக்கி இருக்கு."

அவன் கேமராவோடு மண்டியிட்டான். நான் எழுந்து திரைச்சீலைகளை இழுத்து மூடினேன், ஃப்ளாஷைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டேன். பிறகு வந்து டிவியை ஒட்டி, கன்னம் திரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"தலைய நகத்து ஆர்லீன். படத்துல விழுது."

"விழட்டும். நம்பர மறைக்குதா?"

"இல்ல. நம்பர் மேல இருக்கு."

"அப்ப எடு."

"முகம் வேண்டாம்னு கம்பெனிக்காரங்க..."

"அவங்க பாக்க வேண்டியதே என் முகத்தத்தான். எடு வால்ட்."

அவன் கேமராவுக்குள் கண்ணை வைத்தான். சமையல்கட்டில் ரேடியோ கூச்சலிட்டது, கூடவே ஜீனும் கூச்சலிட்டான். வால்ட்டின் விரல் அசையவில்லை.

"ஆர்லீன், ஒரு சிலந்தி திரும்பிடுச்சு. மூலைக்கு வருது."

"வரட்டும். நம்பர் தெரியுதா?"

"தெரியுது."

"நான் தெரியறேனா?"

அவன் கேமராவை லேசாக என் பக்கம் நகர்த்தினான். "தெரியற," என்றான்.

நான் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகவாயைத் தூக்கி, கேமராவை நேராகப் பார்த்து, திரையின் பச்சை வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் சூடாகப் பட, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.