மூடிய பெட்டிக்கு முதுகு காட்டியவர்கள்

ஆறு படங்களில் பிணமாகக் குதித்திருந்தான் மோக் ஃபாய். ஹாங்காங் பேய்ப் படங்களில் எழுந்த பிணம் நடக்காது, குதித்துக் குதித்துத்தான் வரும். ஆறில் ஒன்றிலும் அவன் முகம் தெரியவில்லை. நெற்றியில் ஒட்டிய மஞ்சள் மந்திரச் சீட்டு மூக்கு வரை தொங்கும். தியேட்டரில் மகள், "இதுல எதுப்பா நீ?" என்று கேட்டபோது, வரிசையாகக் குதித்த பிணங்களில் தன்னை அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்கக்கேடு!

இந்த ஏழாவது படத்தோடு அது தீரும் என்று டைரக்டர் தௌ சத்தியமே செய்திருந்தார். அடுத்த படத்தில் பேயோட்டும் மந்திரவாதிக்கு ஃபாய்தான் சீடன். கையில் வாள், வாயில் வசனம், முகத்தில் வெளிச்சம்.

கவுலூன் ஸ்டூடியோவில் அன்று சவப்பெட்டியை மூடும் காட்சி. ஃபாய் உள்ளே படுத்தான். சீனப் பஞ்சாங்கத்தில் வருஷத்துக்கு ஒரு மிருகம்; பெட்டி மூடுவதை அன்றைக்கு ஆகாத மிருகத்தின் வருஷத்தில் பிறந்தவர்கள் பார்த்தால் கேடு பிடிக்கும் என்பது ஹாங்காங்கில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சினிமாப் பெட்டிதான், ஆனால் பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

"குதிரை வருஷம், எலி வருஷம் பொறந்தவங்க திரும்பிக்குங்க!" என்று கத்தினார் தயாரிப்பாளர்.

"எதுக்கு வம்பு, எல்லாருமே திரும்பிக்கலாம்," என்றார் தௌ.

கேமராவை ஓடவிட்டுக் கேமராமேனும் திரும்பிக்கொண்டார். கனத்த மர மூடியை இறக்கியவர்கள்கூடச் சுவரைப் பார்த்தபடிதான் இறக்கினார்கள்.

ஃபாயின் வலது கை விளிம்பில் இருந்தது. அலறினான். கோரைப்பல் வைத்த வாயிலிருந்து உறுமல்தான் வந்தது. பெட்டிக்குள் பிணம் உறும வேண்டும் என்றுதான் கதையிலும் இருந்தது.

"பய என்னமா நடிக்கிறான்!" என்று சுவரைப் பார்த்துச் சிரித்தார் தௌ.

காட்சி முடிந்து எல்லோரும் திரும்பியபோது மூன்று விரல்கள் நசுங்கிப் போயிருந்தன. பிண வேஷம் போட்டவனுக்குத் தோஷம் கழியப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறையைத் தயாரிப்பாளர் மறக்கவில்லை. அவனுடைய இடது கையில் திணித்தார்.

ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் ஃபாய் தௌவைப் பார்க்கப் போனான்.

"இடது கையால வாள் சுத்துவேன், டைரக்டரே. வீட்ல பழகிட்டுத்தான் வந்திருக்கேன். சுத்திக் காட்டவா?"

தௌ டீக்கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அட, விடுறா. சீடனுக்கு வேற ஆளப் போட்டாச்சு. ஆனா ஒன்ன நான் மறந்துட்டேன்னு நெனைக்காத. பிணத்தோட அங்கிக்குக் கை நீளம்டா. வெரல் இல்லாதது ஒரு பயலுக்கும் தெரியாது. திங்கக்கிழமை வந்துடு."

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது ஃபாய்க்கு.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டான்.